இரண்டாவது கண்ணாடி

ஐப்பசி பிறந்ததிலிருந்து உறுவையாற்றில் துணி காயவில்லை. சங்கராபரணியில் செந்தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நட்டு எட்டு நாளான சம்பா நாற்று தண்ணீருக்குள் நின்று நுனியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாரும் வானத்தைத் திட்டினார்கள். ஊருக்கு மேற்கே மேட்டிலிருந்த நட்சத்திர பங்களாவில் திட்டுவதற்கும் நேரமில்லை. அங்கே ஆயிரத்து நூறு கண்ணாடிகளை ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

பங்களா என்பது ஊர் வைத்த பெயர். கீழே இரண்டு அறை. மேலே கயிற்றை இழுத்தால் திரும்பும் தகரக் கூண்டு, கூண்டுக்குள் வானத்தைப் பார்க்கும் பெரிய குழாய். பிரான்சிலிருந்து வந்த கபிரியேல் சாமியார் இருபது வருஷத்துக்கு முன்பு அதைக் கட்டினார். காலையில் பூசை வைப்பார், இரவில் வால் நட்சத்திரங்களையும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிரகங்களையும் தேடுவார். வானத்தின் ஒரே துண்டை, ஒரு நாள் விட்டு இன்னொரு நாள், இரண்டு கண்ணாடித் தகடுகளில் படம் பிடிப்பார். கழுவி எடுத்தால் தகடு வெளுப்பாக இருக்கும், நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். யுத்தம் வந்து பிரான்சிலிருந்து தகடு வருவது நின்றது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் வரவில்லை. அதனால் எடுத்து வைத்த தகடுகளை மறுபடியும் மறுபடியும் பார்த்து, விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதே இப்போது வேலை. சாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. பார்ப்பது செலின் மேரி.

கன்னியர் மடத்தில் லேஸ் பின்னக் கற்றவள் அவள். நூலில் ஒரு கண்ணி தப்பினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று மடத்துத் தாயார் சொல்லி அனுப்பினார். பதினோரு வருஷமாக வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். சாய்வான சட்டத்தில் ஒரே வானத்தின் இரண்டு கண்ணாடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூலால் கட்டம் கட்டி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பாள். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி நட்சத்திரம். இரண்டிலும் இருந்து, இடம் மட்டும் மாறியிருந்தால் அது சுற்றுகிற கிரகம். அதைத்தான் தேட வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் எங்கேயுமே இல்லாவிட்டால் அது தூசு, கழுவிய தண்ணீரின் உப்பு, அல்லது காற்றுக்கொப்புளம். அதை எழுதக் கூடாது.

ஒரு தடவை எழுதினாள். யுத்தத்துக்கு முந்தின வருஷம். ஒரு கண்ணாடியில் மூலையோரம் மங்கலாக, மஞ்சு படிந்த மாதிரி ஒரு புள்ளி. அது வால் நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அடுத்த கண்ணாடியில் அந்த மூலை கீறியிருந்தது. கீறலுக்கு அடியில் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஏட்டில் ஏற்றிவிட்டாள். சாமியார் நம்பி பிரான்சுக்கு எழுதினார். அங்கே நாலு ஊர்களில் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாகத் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று பதில் போட்டார்கள். சாமியார் அவளைத் திட்டவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார். முகம் தெரியாத மனிதர்கள் அவளுடைய ஆசையைத் தேடிக் குளிரில் நின்றார்கள் என்பதை அவளால் அதற்குப் பிறகு மறக்க முடியவில்லை.

அன்று கண்ணையன் சுட்ட சுண்ணாம்புக் கூடையைத் தலையில் வைத்து, மேலே மழைக்குத் தாழை ஓலையில் பின்னிய குடலையைப் போட்டுக்கொண்டு வந்தான். கூண்டுக் கயிறு இழுப்பதும் பெட்டிகளில் சுண்ணாம்பு மாற்றுவதும் அவன் வேலை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், பூத்துப் பொடியானதும் மாற்ற வேண்டும்.

"செலினம்மா, ஒரு சேதி இருக்குது. சொன்னா எனக்கு நாளைக்கி லீவு குடுக்கச் சொல்லு சாமியார."

"லீவு வாங்கி இன்னா பண்ணப் போற?"

"எங்க வூட்டுல பதினாலு எடத்துல ஒழுவுது. இங்க மட்டும் பொட்டியப் பொட்டியாக் காய வெக்கறியேன்னு எம் பொண்டாட்டி கேக்கறா. அவளையும் ஒரு பொட்டில போட்டு சுண்ணாம்பு வெச்சிடலாமான்னு பாக்கறன்."

செலின் சிரித்தாள். கண்ணை மட்டும் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

"சேதியச் சொல்லுண்ணே."

கண்ணையன் கூடையை இறக்கினான். குரலும் இறங்கியது. "சைகோன் கப்பல் ஒண்ணு வந்திருக்குதாம். சோரியாங்குப்பத்துல முத்துசாமின்னு ஒருத்தரு, அங்க அரிசி மில்லுல வாட்ச்மேனா இருந்தவரு, வூட்டுக்கு வந்துட்டாராம். எம் மச்சான் வண்டியிலதான் மூட்டய ஏத்திகினு போனாரு. உங்க தனிஸ்லாசு பேரச் சொன்னானாம் எம் மச்சான். தெரியும்னாராம். அதுக்கு மேல ஒண்ணும் பேசலியாம்."

பூதக்கண்ணாடியின் கீழே புள்ளிகள் கலங்கின. அவள் எந்தக் கட்டத்தில் விட்டாள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

தனிஸ்லாஸ் அவள் புருஷன். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் சைகோனுக்குப் போனான். அங்கே சுங்கத்தில் வேலை. நாற்பத்தொன்று கார்த்திகையில் வந்ததுதான் கடைசிக் கடிதம். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், தபால் நின்றது. இந்த வருஷம் பங்குனியில் முதல் கப்பல் வந்தபோது செல்லிப்பட்டு சவரிநாதன் இறங்கினான். தனிஸ்லாஸ் முந்தின வைகாசியிலேயே காய்ச்சலில் செத்துப்போனான், அடக்கம் நான் பார்த்தேன் என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் அந்தோணி மேரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செலினுக்கு அழுகை வரவில்லை.

"இடது கையப் பாத்தீங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"துணி மூடியிருந்தாங்கம்மா" என்றான்.

ஏழு மாதமாக அந்த வீட்டில் அதுதான் சண்டை. துக்கப் பூசை வைக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும் என்று மாமியார். முடியாது என்று மருமகள். சாமியாரிடம் போனார்கள். "ஒரு சாட்சி போதாது, மகளே. விதவை என்று ஏட்டில் எழுத வேண்டுமானால் இரண்டு பேர் சொல்ல வேண்டும்" என்று அவர் தம்முடைய புத்தகத் தமிழில் சொன்னார். ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் வேறு மாதிரி சொன்னார்கள். கண்ணாடி பார்த்துப் பார்த்து இவளுக்கும் மனசு கண்ணாடியாகிவிட்டது, ஒட்ட மாட்டேன் என்கிறது என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அந்தோணி மேரி அடுப்பில் கேழ்வரகுக் களியைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். வீடு முழுக்கப் புகை. நடவு இல்லாத நாட்களில் கைக்கு வேலையில்லாமல் அவளுக்கு எரிச்சல் வந்துவிடும்.

"நாளைக்கி நான் சோரியாங்குப்பம் போறன் அத்த."

துடுப்பு நின்றது. "இந்த மழையிலா? இன்னாத்துக்குடி?"

சொன்னாள்.

அந்தோணி மேரி களியை இறக்கி, தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் தொட்டு உருட்டினாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். மருமகள் முன்னால் தட்டை நகர்த்தினாள்.

"கல்லறத் திருநாளுக்கு இன்னும் ஒம்போது நாளுதான் இருக்குது. இந்த வருசமாவது அவன் பேரக் குடுத்துடலாம்டி. அன்னிக்கி எல்லாரும் மெழுவத்தி கொளுத்துவாங்க. நான் மட்டும் உசுரோட இருக்கறவனுக்குக் காத்துகினு இருக்கற மாதிரி கைய வீசிகினு வரணுமா?"

"முத்துசாமியும் அதையே சொன்னார்னா பேரக் குடுத்துடலாம் அத்த. நானே கறுப்புச் சீல கட்டிக்கறன்."

"சவரிநாதன் பொய் சொல்றவனா?"

"பொய்யின்னு நான் சொல்லல. ஒருத்தர் பாத்தது மட்டும் பத்தாது."

"இது இன்னா உன் கண்ணாடியாடி? எம் புள்ளடி!"

செலின் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். மாமியார் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. பெற்றவளே போதும் என்று சொல்லும்போது, மூன்று வருஷம் கூட இருந்த தான் எந்த உரிமையில் போதாது என்கிறோம்? இது பிரியமா? தனிஸ்லாஸின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். இடது கைதான் முதலில் வந்தது. ஆலையில் கரும்பு கொடுக்கும்போது உருளை கடித்துப் பாதியாகிப்போன சுண்டுவிரல். அந்த அரை விரலால் அவன் மீசையை நீவிக்கொள்வது. முகம் எட்டவே நின்றது. காத்திருப்பது அவளுக்கு ஒரு வேலையாகவே பழகிப்போயிருந்தது. அந்த வேலையை யாராவது பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன செய்வது என்ற பயமும் அதற்குள் இருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

"போவாதடி" என்றாள் அந்தோணி மேரி, விளக்கைத் தணித்துவிட்டு. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள். அதை அப்போது செலின் கவனிக்கவில்லை.

கண்ணையனின் மச்சான் வண்டி விடியும்போதே வந்தது. வில்லியனூரைத் தாண்டும்போது மாதா கோயில் இருந்த பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பாகூர் வரை சாலையின் இரண்டு பக்கமும் வயல். பெண்கள் முழங்காலளவு சேற்றில் நின்று தண்ணீர் தின்ற இடங்களில் மறுநடவு செய்துகொண்டிருந்தார்கள். பாகூர் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. மதகில் ஆண்கள் மணல்மூட்டை அடுக்கினார்கள். பூட்டிய மாட்டின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. மடியில் களியுருண்டை வைத்திருந்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

முத்துசாமி வீட்டில் முதலில் வெளியே வந்தது அவர் மனைவி விருத்தாம்பாள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே இழுத்து உட்கார வைத்து, தலை துவட்டத் துணி கொடுத்து, சுக்குத்தண்ணி கொண்டுவந்தாள்.

"குடிம்மா மொதல்ல. உன் ஆளு போயி எத்தினி வருசம்?"

"எட்டு."

"இது போயி ஒம்போது. வந்து பத்து நாளாச்சி. ஒரு கொடயக் கொண்டாந்து குடுத்துச்சி. அவ்ளோதான். ராவுல தூக்கத்துல என்னென்னமோ பாசையில பேசுது. யாருகிட்டப் பேசறன்னு கேட்டா, மில்லு கணக்குப்பிள்ளகிட்டன்னு சொல்லுது. கணக்குப்பிள்ளகிட்ட யாராவது சிரிச்சிகினே பேசுவாங்களா, நீயே சொல்லு."

"அடியே, சும்மா இருடி" என்றபடி முத்துசாமி வந்தார். மெலிந்த மனிதர். செலினைப் பார்த்ததும் அவர் முகம் கூசியது. தோள் துண்டை எடுத்து மறுபடியும் அதே தோளில் போட்டுக்கொண்டார்.

"உறுவையாறு தனிஸ்லாசு சம்சாரமாம்மா?"

"ஆமாங்க. அவரு செத்துட்டார்னு ஒருத்தர் சொன்னாரு. உங்களுக்கு இன்னா தெரியும்னு கேக்க வந்தன்."

"செத்துட்டானா? யாரு சொன்னது?"

அவர் கேட்ட மாதிரியிலேயே பதில் வந்துவிட்டது. விருத்தாம்பாள் "அப்பாடா மாதாவே" என்று, தன் சாமி அல்லாத சாமியைக் கூப்பிட்டுச் செலினின் தோளைப் பிடித்தாள். செலினுக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது மனசு எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது. ஆசையை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, கட்டம் கட்டமாகப் போக வேண்டும்.

"எப்பப் பாத்தீங்க?"

"ஆடியில. நான் கப்பலுக்குப் பேரு குடுக்கப் போன அன்னிக்கி."

"வேற தனிஸ்லாசா இருக்கலாமே."

"சுங்கத்துல இருந்தவன்தானே? இடது கை சுண்டுவிரலு பாதி இருக்காது. ஆலையில போச்சின்னு சொல்வான்."

"எங்க இருக்காரு?"

"சைகோன் பக்கத்துல சோலோன்ல. எங்க மில்லுக்குப் பின்னால வாய்க்கா ஓரமா." அவர் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். விருத்தாம்பாள் செலினின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் பிடி மாறியது.

"சொல்லுங்க. நான் கேக்கத்தான் வந்தன்."

"தனியா இல்லம்மா. அந்த ஊருப் பொண்ணு ஒண்ணு. ரெண்டு கொழந்த. பெரிசு பொண்ணு, நாலு வயசு இருக்கும். சின்னது கைக்கொழந்த." முத்துசாமி தரையைப் பார்க்கவில்லை, நேராக அவளைப் பார்த்தே சொன்னார். "ஊருக்கு வரலியாடான்னு கேட்டன். பொண்ணக் கூப்ட்டு எங்கிட்டக் காட்டினான். எங்கம்மா பேருதான் வெச்சிருக்கன்னான். அந்தோணி மேரி. அதுக்கு மேல நானும் கேக்கல, அவனும் சொல்லல."

செலின் தலை துவட்டிய துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சவரிநாதன்னு ஒருத்தர் அடக்கத்தப் பாத்தன்னாரு" என்றாள் செலின்.

"செல்லிப்பட்டானா? அவன் இவன் வூட்டுலதானம்மா ஒரு வருசம் சோறு தின்னான்! கப்பலேத்தி வுட்டதே இவன்தான்னு சொன்னாங்க. அவன் எதுக்கு அப்பிடிச் சொல்லணும்?"

திரும்பும்போது வண்டிக்காரன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் "உசுரோட இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். "அப்பிடிப் போடு! ஊரே செத்தான்னு சொல்லுச்சி, நீ ஒருத்தி நிலைச்சி நின்ன பாரு!" என்று மாட்டைத் தட்டினான். அந்த நொடியில் அவள் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்தது. ஆமாம், நான் சொன்னதுதான் சரி. எழுந்த உடனே வெட்கம் வந்து அதை மூடியது. புருஷன் தன்னை விட்டுப் போனான் என்று தெரிந்த நாளில் மனுஷிக்கு வரக்கூடிய நினைப்பா அது? இரண்டு கண்ணாடியிலும் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒன்றைக் கண்டபோதெல்லாம் அவள் எழுந்து போய்ச் சாமியாரைக் கூப்பிட்டிருக்கிறாள். இன்று கூப்பிட யாருமில்லை. அப்போதுதான், ஏரிக்கரை தாண்டும்போது, அழுகை வந்தது. சத்தமில்லாமல் வெகுநேரம் வந்தது. வண்டிக்காரன் மாட்டோடு பேசிக்கொண்டே வந்தான்.

சவரிநாதன் எதற்குப் பொய் சொன்னான் என்ற கேள்வி வில்லியனூர் வரைக்கும் கூட வந்தது. யாருக்கு அதில் என்ன லாபம்? முந்தின ராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு "போவாதடி" என்று கெஞ்சிய குரல் அப்போது காதில் கேட்டது.

அந்தோணி மேரி வாசற்படியில் குந்தியிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. மருமகள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். உயிரோடு இருக்கிறானா என்று அவள் கேட்கவில்லை.

"இப்ப எத்தினி கொழந்தடி?" என்று கேட்டாள்.

செலின் சுவரோரம் உட்கார்ந்தாள். "ரெண்டு."

"சவரிநாதன் ஒண்ணுன்னான்." மாமியார் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "மொதல்ல எங்கிட்டத்தான் வந்தான். வயல்ல களையெடுத்துகினு இருந்தன். வரப்புல நின்னு சொன்னான். அவ பேரு, கொழந்த பேரு எதுவும் சொல்லாதடான்னு வாயப் பொத்திட்டன். அந்தச் சேத்துலயே முட்டிபோட்டு அவங்கிட்ட கேட்டன். செத்துட்டான்னு சொல்லுடா, உனக்குப் புண்ணியமாப் போவும்னு."

"பெத்த புள்ளய எப்பிடி அத்த..."

"பெத்தவதான் சொல்ல முடியும். வேற எவளுக்கு வாய் வரும்?" அவள் படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். "உனக்கு முப்பத்தொண்ணுடி. அவன் செத்தான்னா நீ விதவ. கோயில்ல வெச்சே உனக்கு இன்னொரு கல்யாணம் பண்ணலாம். அவன் உசுரோட இருந்தான்னா, நீ சாவறமட்டும் அவன் பொண்டாட்டி. அவன் அங்க எத்தினி பெத்தாலும் உனக்கு வழியில்ல. நம்ம வேதத்துல அதுக்குக் கதவே இல்லடி. நான் திறந்து வெச்ச கதவ நீயே கண்ணாடியக் காட்டி மூடிட்ட."

ஏழு மாதத்துச் சண்டைகள் எல்லாம் செலினுக்கு நினைவுக்கு வந்தன. தாலியைக் கழற்றுடி என்று கத்தியவை, சாப்பிடாமல் கிடந்தவை. அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்ட அழுகை மட்டும் பொய்யில்லை. உயிரோடிருக்கும் மகனுக்காக அவள் நிஜமாகவே அழுதிருக்கிறாள்.

"சாமியாரு ரெண்டாவது சாட்சி கேட்டாரு. ரெண்டாவது சாட்சிக்கு நான் எங்கடி போவன்?" அந்தோணி மேரி நகர்ந்து வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். மண்வெட்டி பிடித்த சொரசொரப்பான கை. "இப்பவும் ஒண்ணும் ஆவல. முத்துசாமியும் செத்தான்னுதான் சொன்னான்னு சொல்லிடு. உன் பேச்ச அவரு எழுதிக்குவாரு. நீ சொன்னா அவரு மறுபடி பாக்க மாட்டாரு. பதினோரு வருசமா அப்பிடித்தான சொல்லிகினு இருக்க? சோரியாங்குப்பத்துக்கு எவன் போயி கேக்கப் போறான்?"

அன்று இரவு இருவரும் களி இல்லாமல், பொரியரிசியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். பேத்திக்கு வைத்த பேரைச் செலின் சொல்லவில்லை.

மறுநாளும் வேலைக்குப் போனாள், அதற்கடுத்த நாளும். சாமியார் எதுவும் கேட்கவில்லை. ஏழாம் நாள் காலையில் ஒரு நீளமான தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தார். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தோர் பெயர்கள். கண் போனதிலிருந்து அதையும் அவள்தான் எழுதிக்கொடுப்பது. அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பக்கத்தில் கண்ணையன் பெட்டியிலிருந்த பூத்த சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு பெயர் ஆயிற்று. சாமியார் நிறுத்தினார்.

"இரண்டாவது சாட்சியைக் கண்டாயா, மகளே?"

"கண்டன் சாமி."

பேனா அவள் கையில் இருந்தது. தாளில் பன்னிரண்டாம் பெயருக்குக் கீழே வெள்ளை இடம். ஐந்து எழுத்து எழுதினால் போதும். அவருக்கு அது மங்கலாகக்கூடத் தெரியாது. எழுதினால் அடுத்த தையில் கூட ஒரு கல்யாணம் நடக்கலாம். யாரோ ஒருவன், காய்ச்சலென்றால் தலையைத் தொட்டுப் பார்ப்பவன், பேர் சொல்லிக் கூப்பிடுபவன். அவளுக்கு அது வேண்டாமென்று இல்லை. வேண்டும் என்பது அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரிந்தது. வயிற்றில் பசி மாதிரித் தெரிந்தது.

பேனாவைத் தாளில் வைத்தும்விட்டாள். த என்ற எழுத்தின் வளைவு பாதி வந்தது.

பழைய கண்ணாடியின் அந்த மூலையை, அந்த மங்கல் புள்ளியைப் பார்க்கும்போதும் இதே ஆசைதான் இருந்தது. சோலோனில் வாய்க்காலோரம் ஒரு சின்னப் பெண், தன் அப்பன் உறுவையாற்றில் செத்தவர்களோடு வாசிக்கப்படுகிறான் என்று தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும்.

"ரெண்டுலயும் இருக்குது சாமி" என்றாள். "எடம் மாறியிருக்குது."

கண்ணையன் கூடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான். சாமியாருக்குப் புரிந்தது என்பது அவர் நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்ததில் தெரிந்தது.

"தனியாகவா?"

"இல்ல சாமி."

"உனக்கு வயது என்ன ஆகிறது?" என்று கேட்டார். சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். துடைத்தாலும் பார்க்க முடியாத கண்களுக்கு அதை மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டம் அவர் எழுதியதில்லை. அந்தப் பாதி வளைவின் மேல் அவள் கோடு இழுத்தாள். அடுத்த பெயரைச் சொல்லச் சொன்னாள்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. கோயிலில் அந்தோணி மேரி மூன்றாவது வரிசையில், கையில் இரண்டு மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று செத்துப்போன புருஷனுக்கு. இன்னொன்றை ஏன் வாங்கினாள் என்று செலின் கேட்கவில்லை. சாமியாரால் வாசிக்க முடியாததால் உபதேசியார் பெயர்களை வாசித்தார். பதினேழு பெயர். கடைசிப் பெயர் முடிந்து, கோயில் முழுவதும் ஆமென் சொன்னபோது, மாமியார் மட்டும் சொல்லவில்லை. இன்னும் ஒன்று வரும் என்பதைப்போல உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறையில் சேறு. அந்தோணி மேரி புருஷன் குழிமேட்டில் முதல் வத்தியை நட்டாள். இரண்டாவதை எங்கே வைப்பது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் எல்லார் குழியிலும் வெளிச்சம். பிறகு அதையும் புருஷன் தலைமாட்டிலேயே பக்கத்தில் நட்டாள். காற்றில் அணைந்தது. செலின் குனிந்து முதல் வத்தியிலிருந்து பற்றவைத்தாள்.

திரும்பி வரும் வழியில் வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள். தண்ணீர் வடிந்த வயல்களில் நாற்று மறுபடி எழுந்து நின்றது. மாமியார் முன்னால் போனாள். எட்டு நாளாக அவள் மருமகளோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

"அத்த."

"ம்."

"பெரிய பொண்ணுக்கு உங்க பேருதான் வெச்சிருக்காராம். அந்தோணி மேரி."

முன்னால் போன கால்கள் நின்றன. அந்தோணி மேரி திரும்பவில்லை. வரப்பில் முளைத்திருந்த ஒரு கோரையைப் பிடுங்கினாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். தோள்கள் இரண்டும் ஒரு தடவை தூக்கி விழுந்தன.

"நாலு வயசு இருக்குமா?"

"இருக்கும்."

"மூக்கு என்ன மாதிரி இருக்குமோ இன்னாமோ. அவனுக்கு என் மூக்குதான்."

"அவரு அதச் சொல்லல."

"கேக்க வேணாமா நீ? அத்தினி தூரம் போயிட்டு."

செலின் வரப்பின் நடுவில் நின்றாள். தபால் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்று வில்லியனூரில் சொன்னார்கள். ஐந்து வருஷமாக எழுதாத கடிதம். எழுத வேண்டியவை என்று அவள் நெஞ்சுக்குள் வரிவரியாகச் சேர்த்து வைத்திருந்த எதையும் இனி எழுத முடியாது.

"எழுதிக் கேக்கறன் அத்த" என்றாள். "நடங்க. சேறு வழுக்குது."